விகாரப் பாதையும் விபத்து அறிக்கையும்

சமணத் துறவியர் ஊர்தி ஏறா நோன்பினர். ஈர்யா சமிதி பேணி, நிலம் நோக்கி, எறும்புக்கும் ஊறு நேராவண்ணம் அடியெடுத்து வைப்பவர். நெடுஞ்சாலை ஊர்திகளுக்கோ அந்நோன்பு இல்லை. விகாரம் செல்லும் துறவியர்மீது ஊர்தி மோதிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன.

அவ்வேளையில் உடன்செல்லும் இல்லறத்தார் அனைவரும் மருத்துவமனைக்கு விரைகின்றனர். இயல்புதான். ஆயினும் ஒருவரேனும் அவ்விடத்தில் நிற்றல் வேண்டும். காவலர் எழுதும் பார்வை மகஜரும் வரைபடமும் அங்குதான் உருவாகின்றன. துறவி சாலையின் எப்பக்கம் நடந்தார், ஊர்தி எத்திசையில் வந்தது, பதிவெண் யாது என்று கண்டவர் கூறாவிடில், ஓட்டுநர் கூற்றே ஏட்டில் ஏறிவிடக்கூடும். பிறகு திருத்துதல் அரிது.

முதல் தகவல் அறிக்கையின் படியைத் தகவல் தந்தவரும் பாதிக்கப்பட்டவரும் கட்டணமின்றிப் பெறலாம். 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மத்திய விதிகளின்படி, காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையையும் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கு அளித்தல் வேண்டும். அவற்றின் படி பாதிக்கப்பட்டோர்க்கும் உரியது.

துறவி ஓட்டுநரை மன்னித்துவிடுவார். அது அவர்தம் அறம். அதனால் நடந்தது எழுதப்படாமற்போக வேண்டியதில்லை. குடும்பம் துறந்தவர்க்காக உரிமை கோருபவர் யார் என்பர் சிலர். மிசோரத்தில் தலைமையாசிரியராகப் பணியாற்றிய கிறித்தவத் துறவி ஒருவர் சாலை விபத்தில் இறந்தார். அவருக்காக அவருடைய துறவற சபையே இழப்பீடு கோரலாம் என 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.