அண்மையில் பயின்ற மூன்று நூல்கள்

  

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தில் கவிதை முழங்காத கூட்டமே இல்லை. கவிஞனுக்குக் கவிதை மட்டும் போதுமா? அண்மையில் யான் பயின்ற மூன்று உரைநடை நூல்கள் இவ்வினாவை எழுப்பின.

முதலாவது, உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950இல் நூலாயிற்று. 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயர் காணச் செல்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எனத் தாம் கற்றவற்றை அடுக்குகிறார். முதலியார் வியக்கவில்லை, அவற்றினும் பழைய நூல்களைப் படித்ததுண்டா என வினவுகிறார். 1887இல் சீவகசிந்தாமணி அச்சேற அவ்வினாவே வித்தாயிற்று. நம் சேலத்தைத் தம் பெயரில் தாங்கிய ஒருவர் கேட்ட வினா அது. கற்றது போதும் என்றிருப்போரை இன்றும் அது விடுவதில்லை.

இரண்டாவது, தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ (1997). உப்பு, உணவு, உடை, உறவுமுறை என நாளும் புழங்குபவற்றின் வழியே வரலாற்றைக் காட்டுகிறார். படித்து முடித்தபின் என் அடுக்களையே ஓர் ஏட்டுச்சுவடியாகத் தோன்றியது.

மூன்றாவது, பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ (2000). அகராதியைக் கதைபோல் படிப்பாருண்டோ? யான் படித்தேன். விருந்தினரை ‘ஒறம்பரை’ என்றும், மாட்டுக்கொட்டிலைக் ‘கட்டுத்தறி’ என்றும் வீட்டில் வழங்கும் மாணவியர், விடைத்தாளில் அவற்றை எழுத நாணுகின்றனர். வகுப்பறையில் நாணி மறைக்கப்படும் சொல் வீட்டிலும் நெடுநாள் வாழாது.

கவிஞர்களே, இங்குதான் உங்கள் கடமை பிறக்கிறது. நம்மைச் சூழக் குச்சிக்கிழங்கு விளைகிறது. அதனைத் தோலுரித்து, அரைத்து, பாலைத் தெளியவைத்து, மாவை மணியாக உருட்டி, வறுத்து, களத்தில் உலர்த்தி ஜவ்வரிசி ஆக்குகின்றனர். ஒவ்வொரு தொழிலுக்கும் உழைப்பவர் நாவில் ஒரு சொல் உண்டு. நம் கவிதைகளிலோ நிலவும் தென்றலும் நிறைந்த அளவுக்கு அக்களத்துச் சொற்கள் இல்லை.

ஆதலின் ஒரு வேண்டுகோள். திங்கள்தோறும் ஒரு கவிதைக்கு முன் ஓர் உரைநடை நூலைப் பயிலுங்கள். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, உங்கள் ஊர்க் களத்திலிருந்து பத்துச் சொற்களேனும் எழுதி வாருங்கள். பதினோராம் ஆண்டின் பணி அதுவாகட்டும்.