சிக்கனச் செலவில் செவிக்கினிய இசை

இசையில் நாட்டமில்லாத வீடு அரிது. எல்லோரும் ஒரே வேளையில் ஒரே இசையை விரும்பும் வீடு அதனினும் அரிது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்குக் கச்சேரி கேட்க விழைகிறார். அடுத்த அறையிலே பேத்தி பரீட்சைக்குப் படிக்கிறாள், மனைவியார் கண்ணயர்ந்துவிட்டார். ஒலிபெருக்கியை முடுக்கினால் வீடு விழித்துக்கொள்ளும்; முடுக்காவிடில் அவர் மனம் அமைதி கொள்ளாது. இத்தகைய இல்லத்தில் ஹெட்போன் ஆடம்பரப் பொருளன்று. ஒருவருடைய இசையையும் மற்றவருடைய அமைதியையும் ஒருங்கே காக்கும் கருவியாகும். ஆனால், கடைக்குச் செல்லும் ஆசிரியரின் கையில் இருப்பதோ ஓய்வூதியப் பணம். அதனை எதற்காகக் கொடுப்பது, எதற்காகக் கொடாதிருப்பது என்பதே ஈண்டு ஆராய வேண்டியதாகும்.

ஹெட்போன் பிறந்தது இசைக்காக அன்று. 1910ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் போல்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையிலே செய்த கருவியை அந்நாட்டுக் கடற்படை வாங்கிக்கொண்டது. 1958இல் மில்வோக்கி நகரத்து ஜோன் கொஸ் என்பவர், இசைத்தட்டுக் கேட்போருக்கென ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தினார். காந்தம், கம்பிச் சுருள், அதனோடு அதிரும் மெல்லிய சவ்வு ஆகிய மூன்றுமே இன்றும் பெரும்பாலான ஹெட்போன்களின் உயிர்ப்பகுதிகள். உள்ளமைப்பு இவ்வளவு எளிதாயிருப்பதால், பெரும்பணம் கொடுத்தால்தான் நல்லிசை கிட்டும் என்பது பொருந்தாது. விவரமறிந்து தெரிபவருக்கு நடுத்தர விலையிலும் நல்ல கருவி உண்டு.

முதலில் அறியவேண்டியது, திறந்த வகை, மூடிய வகை என்னும் வேறுபாடு. திறந்த வகையில் செவிமூடியின் வெளிப்புறம் காற்றுப் புகுமாறு அமைந்திருக்கும். அதிலே இசை அறையில் ஒலிப்பதுபோல் விரிந்து கேட்கும். செவி புழுங்குவதும் குறைவு. ஆயின், அருகில் இருப்பவருக்கும் ஓரளவு ஒலி கசியும். மின்விசிறியின் இரைச்சலும் உள்ளே புகும். மூடிய வகை இவ்விரண்டையும் தடுக்கும்; வெப்பத்தைத் தரும். 1984இல் வெளிவந்த கொஸ் போர்ட்டா புரோ முதல் வகைக்கும், 1991இல் வெளிவந்த சோனி எம்.டி.ஆர். 7506 இரண்டாம் வகைக்கும் நெடுங்காலம் நிலைத்து நின்ற எடுத்துக்காட்டுகள். தனியறை உள்ளவருக்குத் திறந்த வகை இன்பம் தரும். ஒரே அறையில் மற்றவர் துயிலும் வீட்டுக்கு மூடிய வகையே பொருந்தும்.

அடுத்து, பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களைக் கவனிக்கலாம். '20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை' என்பது ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் காணப்படும். அந்த எல்லைக்குள் எந்தச் சுருதி மிகுந்து ஒலிக்கும், எது குன்றி ஒலிக்கும் என்பதை அவ்வெண் கூறுவதில்லை. ஆதலின், அதனை நம்பிப் பணம் கொடுத்தல் வீண். பயன்தரும் எண் வேறொன்று உண்டு. அது மின்தடையைக் காட்டும் ஓம் கணக்கு. 16 முதல் 60 ஓம் வரையிலான கருவிகளுள் பெரும்பாலானவை கைத்தொலைபேசியாலேயே நன்கு இயங்கும். 250, 300 ஓம் உடையவற்றுக்குத் தனி ஒலிமிகைப்பி தேவைப்படலாம்; அது மற்றொரு செலவு. கம்பியில்லா வகையிலே கொடுக்கும் விலையின் ஒரு பகுதி மின்கலத்துக்கும் வானலைக் கருவிக்கும் போய்விடுகிறது. மின்கலமோ சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஓரிடத்தில் அமர்ந்து கேட்பவருக்குக் கம்பியுள்ளதே சிக்கனம். ஆயினும், தொலைபேசியில் அதனைச் செருகும் துளை உண்டா என முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, அணியும் வசதி. கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்துத் தீர்மானித்தல் தவறு. கால்மணி நேரமாவது அணிந்திருந்தால்தான் பாரமும் இறுக்கமும் தெரியவரும். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதனுடனேயே சோதித்தல் நன்று. ஏனெனில், கண்ணாடிக் காம்பின் இடைவெளியால் தாழ்ந்த ஒலிகள் நழுவிப்போகும். வியர்வை மிகுந்த எமது காலநிலையில் செயற்கைத் தோல் மெத்தைகள் விரைவில் உரிந்துவிடும். மெத்தையையும் கம்பியையும் தனியே மாற்றக்கூடிய கருவி பல்லாண்டு உழைக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலான நீதிபதி, பழகிய செவியே. நன்கறிந்த கச்சேரிப் பதிவொன்றைக் கொண்டுசென்று கேட்டல் வேண்டும். தம்புராவின் நாதம் இடையறாது பின்னணியில் நிற்கிறதா? மிருதங்கத்தின் தொப்பி வெறும் இடிபோலன்றிச் சுருதியோடு கேட்கிறதா? பாடுபவரின் சகர ஒலி செவியைக் குத்தாமல் இருக்கிறதா? இம்மூன்று வினாக்களும் பெட்டியிலுள்ள எண்களைவிட அதிகம் கூறும். 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலைப் பழைய பதிவுகளில் கேட்க விரும்புவோர், உயர்ந்த ஒலிகளை மிகைப்படுத்தும் கருவியைத் தவிர்த்தல் நலம். அது பதிவின் இரைச்சலையே முன்னுக்குக் கொண்டுவரும். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலியளவு சமமாயிருத்தல் அவசியம். உரத்து ஒலிப்பதைச் சிறந்ததென மயங்குவது செவியின் இயல்பு.

இறுதியாக, விலைகொடுத்து வாங்கமுடியாத பொருளொன்று உண்டு, அது செவிப்புலன். உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. வயதுவந்தோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. 90 டெசிபெலுக்கு ஏறினால், அந்த அளவு வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. ஹெட்போன் அணிந்திருக்கையில் கைநீளத் தூரத்தில் இருப்பவர் பேசுவது சிறிதும் கேட்காவிடில், ஒலியைத் தணிப்பதே அறிவுடைமை.

அந்த ஆசிரியர் வாங்கவேண்டியது கடையிலே விலை கூடிய கருவியை அன்று. தம் வீட்டுக்கும் தம் தலைக்கும் தாம் விரும்பும் இசைக்கும் ஒத்த கருவியை. அவ்வாறு தெரிந்தெடுத்தால், பேத்தியின் படிப்புக் கெடாது. மனைவியாரின் துயில் கலையாது. மிஞ்சிய பணமும் கையிலிருக்கும். தாழ்ந்த குரலிலே கேட்கும் கச்சேரியை அவர் இன்னும் பல்லாண்டு கேட்டு மகிழலாம்.