கர்ப்பப்பைப் பரிசோதனையும் நோவு தணிக்கும் வழிகளும்
(ஆரணியில் நம் சமூக மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தறியடியிலும் தார் சுற்றும் இராட்டையடியிலும் உழைக்கும் நம் மாதர், நோவைப் பொறுப்பதையே குணமென்று எண்ணி வந்திருக்கின்றனர். கர்ப்பப்பை வியாதியையோ வாய்விட்டுச் சொல்லவே நாணுவர். ஆண் வைத்தியரை ஏற்க மனமின்றி மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டமை கண்டே, ஐடா ஸ்கடர் அம்மையார் வைத்தியம் கற்று, நமக்கு அணித்தான வேலூரில் 1900-இல் பணி தொடங்கினார். ஆதலின் நாணத்தை ஒதுக்கிப் பேசத் துணிந்தோம்.

அதிக உதிரப்போக்கு, மாதவிடாய் நின்றபின் உதிரங்காணல் ஆகியவற்றின் காரணமறிய, மெல்லிய குழலொன்றைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி நோக்குவதே ஹிஸ்டரோஸ்கோபி. 1869-இல் பாந்தலியோனி என்பவர் இதனைச் செய்தார். கர்ப்பப்பையின் வாயில் குழல் நுழையும்போதும், உள்ளே திரவம் செலுத்தி விரிக்கும்போதும் நோவு பிறக்கிறது. சிலருக்கு அது மாதவிடாய் வலியளவே, சிலருக்கோ தாங்கொணாதது. இன்னார்க்கு இவ்வளவென்று முன்கூட்டி உரைத்தல் அரிது. 'சிறிது பொறு அம்மா' என்பது மருந்தாகாது!

மயக்கமின்றிச் செய்வதாயின், ஒரு மணிக்கு முன்னர் வலி மாத்திரை உண்பது வழக்கம். குடற்புண் உடையோர் அதனை முன்னரே வைத்தியரிடம் சொல்க. மூன்றரை மில்லிமீட்டருக்கு மிகாத குழல் நோவைக் குறைக்கும். அவ்விடம் மரத்துப்போக ஊசியிடுதலும், நரம்பூசியால் அரைமயக்கம் தருதலும் உண்டு. முழு மயக்கம் வேண்டுவோர் பட்டினியிருத்தல் வேண்டும். வீடு திரும்பத் துணையும் வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாம் கிடையா. நாள் குறிக்கும்போதே கேட்டறிக. நடுவே தாங்கவியலாவிடின் 'நிறுத்துங்கள்' என்னலாம். வைத்தியர் நிறுத்தக் கடமைப்பட்டவர். வேறொரு நாள் மயக்கத்தில் செய்துகொள்ளலாம்.