ஊசி மருந்தும் உடனிருப்போர் கடமையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இயலும் இசையும் நாடகமும் முழங்குவதே மரபு. அவற்றிடையே மருந்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். நாம் மருத்துவம் கற்றவரல்லோம். மெட்ரிகுலேஷன் அளவில் படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தர் பணி புரிந்து வருகிறோம். ஆயினும் மருந்தைப் பற்றிப் பேச மருத்துவர் அல்லாதார்க்கும் ஓர் உரிமை உண்டு. வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்றோர் அதிகாரம் வகுத்து, அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துக் காட்டினார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றைப் பற்றி உலகம் நிறையப் பேசுகிறது. நான்காமவரைப் பற்றிப் பேசுவார் குறைவு. காய்ச்சலில் துவளும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும் தாயும், முதிய தந்தையின் அருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் மகனுமே அந்த நான்காமவர், அதாவது நாமனைவரும். ஆண்டிபயாடிக் எனப்படும் கிருமிக்கொல்லி மருந்தை ஊசியாக ஏற்றும்போது இந்த நான்காமவர் செய்ய வேண்டியது யாது என்பதே எமது பேச்சின் பொருள்.

ஹெப்பகோடியிலும் பொம்மசந்திரத்திலும் வாழும் நம்மவருள் ஆலைகளில் முறைவேலை செய்வோர் பலர். ஒரு நாள் காய்ச்சல் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். ஆகவே மருத்துவர் முன் அமர்ந்த உடனே, “ஐயா, ஓர் ஊசி போட்டுவிடுங்கள்” என்று நாமே கேட்கிறோம். மாத்திரை மட்டும் எழுதித் தருபவரைக் கைராசி இல்லாதவர் என ஒதுக்குகிறோம். ஊசி வலியது, மாத்திரை மெலியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்த எண்ணம் சரிதானா என்பதை முதலில் ஆராய்வோம்.

இதற்கு விடை நமது சென்னையிலேயே கிடைத்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் காசநோயாளர் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தாலன்றிப் பிழையார் என்று நம்பினர். ஆய்வாளர்கள் ஏழை நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பிரிவினரை நெருக்கடி மிகுந்த அவர்தம் வீட்டிலும் வைத்து, இரு சாரார்க்கும் வாய்வழி உட்கொள்ளும் மருந்துகளையே ஓராண்டு கொடுத்தனர். 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்க வைத்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவ்வாறே குணமடைந்திருந்தனர். நாம் வாழும் இந்தப் பெங்களூரில் அதே 1959-ஆம் ஆண்டில் தேசியக் காசநோய் நிலையம் நிறுவப்பட்டது. இன்று மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு ஆறு மாத காலம் மாத்திரைகளே போதும்; ஊசி வேண்டுவதில்லை. கொடிய காசத்தையே மாத்திரை வெல்லுமாயின், ஊசியே உயர்ந்தது என்னும் எண்ணம் எவ்வாறு நிலைக்கும்?

அங்ஙனமாயின் ஊசி எப்பொழுது வேண்டும்? நோயாளி வாந்தியெடுத்து மருந்தை உள்ளே தக்கவைக்க இயலாதபோதும், நினைவிழந்து கிடக்கும்போதும், இரத்தத்தில் நஞ்சேறி உயிர் ஊசலாடும்போதும், மூளையுறைக் காய்ச்சல், கடும் நிமோனியா போன்ற நோய்களில் ஒவ்வொரு மணியும் அரிதாகும்போதும் ஊசியே உயிர்காக்கும். அத்தகைய வேளையில் அஞ்சி மறுப்பது பெருந்தவறு. வாதக் காய்ச்சலால் இருதயம் பழுதுற்ற சிறுவர்க்கு மூன்று அல்லது நான்கு வாரத்திற்கொருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசி பல்லாண்டுகள் போட வேண்டியிருக்கும். பிள்ளை நன்றாக ஓடி ஆடுகிறானே என்று பெற்றோர் இடையில் நிறுத்திவிட்டால் இருதயம் மேலும் கெடும். எனவே வேண்டிய இடத்தில் ஊசியைத் தவிர்ப்பதும், வேண்டாத இடத்தில் கேட்டுப் பெறுவதும் ஒருபோலத் தீங்கே.

வேண்டாத இடம் எது? சளி, சாதாரண இருமல், வைரஸ் காய்ச்சல் ஆகியவற்றைக் கிருமிக்கொல்லி தீர்க்காது. அது பாக்டீரியா என்னும் நுண்ணுயிரை மட்டுமே அழிக்கும். டெங்குக் காய்ச்சலிலோ தசையில் போடும் ஊசியே தீங்காகலாம். இரத்தம் உறையத் துணைசெய்யும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் அந்நோயில், ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். ஆகவே நான்காமவரின் முதற்கேள்வி இதுவாகட்டும்: “ஐயா, இது பாக்டீரியா நோய்தானா? மாத்திரை போதாதா?” பணிவாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் சினங்கொள்ளார்.

இரண்டாவது, ஊசியின் தூய்மை. 2018-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்தில் பலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது கண்டறியப்பட்டது. ஒரே சிரிஞ்சைப் பலருக்கும் பயன்படுத்தியதாக ஒரு போலி மருத்துவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. மலிவாக ஊசி போடுகிறார் என்று நம்பிச் சென்ற ஏழை மக்களே அங்கு அல்லலுற்றனர். கர்நாடகத்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையம் ஒவ்வொன்றும் பதிவு பெற வேண்டும். பதிவு பெற்ற இடந்தானா என்று பார்த்துச் செல்வதும், புதிய சிரிஞ்சின் உறை நம் கண்ணெதிரே பிரிக்கப்படுகிறதா என்று நோக்குவதும், பயன்படுத்திய ஊசி அப்போதே அழிக்கப்படுகிறதா என்று கவனிப்பதும் நம் கடமை.

மூன்றாவது, ஒவ்வாமை. பெனிசிலின் வகை ஊசிகளும், அவற்றின் உறவான செஃப்ட்ரையாக்சோன் போன்றவையும் சிலர் உடலுக்கு ஒவ்வா. ஊசி ஏறிய சில நிமிடங்களிலேயே உடலெங்கும் அரிப்பும் தடிப்பும் தோன்றும், உதடும் நாவும் வீங்கும், மூச்சுத் திணறும், மயக்கம் வரும். உடனே அட்ரினலின் என்னும் மருந்தைத் தொடைத் தசையில் செலுத்தினால் உயிர் பிழைக்கும். தாமதித்தால் இழக்க நேரும். இதனால்தான் இத்தகைய ஊசியை வீட்டில் போட்டுக்கொள்ளலாகாது. அட்ரினலின் ஆயத்தமாக உள்ள இடத்திலேயே போட வேண்டும். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும். பேருந்து போய்விடும் என்று பரபரப்பது கூடாது. வீடு திரும்பிய பின் இவ்வறிகுறி தோன்றினால் நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, 108 எண்ணை அழைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் சாய்ந்து அமரட்டும். தோலில் சிறிது மருந்தை ஏற்றிப் பார்க்கும் சோதனை செய்துவிட்டார்கள் என்பதனால் மட்டும் முழு அச்சமும் நீங்கிவிட்டதாகக் கொள்ளலாகாது.

நான்காவது, மருந்தைக் கலக்கும் முறை. செஃப்ட்ரையாக்சோன் பொடியாகக் குப்பியில் வரும். அதைக் கரைக்கும் நீர்மம் வேறு வேறு. தசையில் போடும்போது வலி தெரியாதிருக்க லிக்னோகெயின் கலந்த நீரில் கரைப்பதுண்டு. அக்கலவையை நரம்பில் ஏற்றவே கூடாது. கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் முதலிய நரம்புவழி நீர்மங்களோடு இம்மருந்தைக் கலந்தால் படிவம் உண்டாகும். பிறந்து சில நாளே ஆன சிசுக்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. இவற்றையெல்லாம் அறிந்து செய்வது மருத்துவர், செவிலியர் பொறுப்பு. மருந்துக் கடையில் குப்பியை வாங்கி வந்து, அண்டை வீட்டில் ஊசி போடத் தெரிந்தவரைக் கொண்டு ஏற்றிக்கொள்வது ஏன் தகாது என்பதை நாம் அறிந்துகொண்டாற் போதும்.

ஐந்தாவது, குறித்த நாள் வரை மருந்தைத் தொடர்தல். 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலர் முகத்திலும் உடலிலும் கிருமி பரவிச் சாகும் நிலையில் இருந்தார். அவர்க்குப் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. ஒரே நாளில் காய்ச்சல் தணிந்தது, உண்ணத் தொடங்கினார். ஆனால் உலகிலிருந்த பெனிசிலின் அக்காலத்தில் மிகச் சிறிதே. அவரது சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர். ஐந்து நாளில் அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பியது, மார்ச் 15-ஆம் நாள் அவர் மறைந்தார். அன்று மருந்தில்லாமல் நின்றது சிகிச்சை. இன்றோ 1954-இல் பிம்ப்ரியில் தொடங்கிய இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ், 1981-இல் நம் பெங்களூரில் தொடங்கிய கர்நாடக ஆண்டிபயாடிக்ஸ் போன்ற அரசு நிறுவனங்கள் தொடங்கி எத்தனையோ ஆலைகள் இம்மருந்தைச் செய்து குவிக்கின்றன. மருந்து கையிலிருந்தும், காய்ச்சல் தணிந்ததென்று நாமே நிறுத்தினால் அதை என்னென்பது? டைபாய்டில் சரியான மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்க நான்கைந்து நாள் ஆகும். இரண்டாம் நாளே ‘இந்த மருத்துவர் வேண்டாம்’ என்று வேறிடம் ஓடுகிறோம். அங்கு வேறு ஊசி தொடங்குகிறது. நாள் குறைப்பதும் கூட்டுவதும் மருத்துவர் முடிவாகவே இருக்க வேண்டும்.

இவ்வாறு கண்டபடி மருந்தை ஏற்றுவதால் கிருமிகள் அதற்குப் பழகித் துணிவு கொள்கின்றன. பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங், 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோதே, அளவு குறைந்த மருந்து கிருமியை வலுப்படுத்தும் என எச்சரித்தார். 2012-இல் நம் நாட்டு மருத்துவர்கள் சென்னையில் கூடி, இக்கேட்டைத் தடுக்கச் ‘சென்னைப் பிரகடனம்’ வகுத்தனர். 2014 மார்ச் முதல் செஃப்ட்ரையாக்சோன் உள்ளிட்ட பல மருந்துகள் எச்-1 என்னும் அட்டவணையில் வந்துள்ளன. அவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றல் குற்றம். எழுதியவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பேரேட்டில் பதிந்து மூன்றாண்டு காத்தல் வேண்டும்.

பேரேடு என்றதும் எமது தொழில் நினைவுக்கு வருகிறது. இரயிலில் ஏறும் பார்சல் ஒவ்வொன்றுக்கும் சீட்டு உண்டு. எங்கிருந்து புறப்பட்டது, எங்குச் செல்வது, உள்ளே என்ன என்பது அதில் இருக்கும். சீட்டில்லாத மூட்டை வழியில் எந்த நிலையத்திலும் திகைத்து நிற்கும். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமது நிலையும் அதுவே. உடலைப் பற்றிய செய்திகள் தருமபுரியிலும் சேலத்திலும் தாய்மாமன் வீட்டுப் பெட்டியிலும் கிடக்கின்றன. உடம்பு மட்டும் இங்கே இருக்கிறது. சொந்த ஊரில் ஐந்து வயதில் பெனிசிலின் ஒவ்வாமல் தடித்த பிள்ளையை இங்குள்ள மருத்துவர் எங்ஙனம் அறிவார்? இங்குத் தொடங்கிய ஏழு நாள் ஊசியில் மூன்றாம் நாள் பொங்கலுக்கு ஊர் சென்றால், அங்குள்ள மருத்துவமனை எதைத் தொடரும்?

ஆகவே நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. வீட்டுக்கொரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வாத மருந்தின் பெயரைச் சிவப்பு மையில் முதல் வரியில் எழுதுங்கள். அப்போது நேர்ந்தது என்ன என்பதையும் எழுதுங்கள். போட்ட ஊசியின் பெயர், நாள், எத்தனையாவது ஊசி, எழுதிய மருத்துவர் என்பவற்றைக் குறியுங்கள். மருந்துச் சீட்டையும் குப்பியின் அட்டையையும் அதிலேயே செருகிவையுங்கள். ஊருக்குப் புறப்படும்போது பயணச் சீட்டோடு அதுவும் உடன் வரட்டும். கன்னடம் பேச நாணும் தாய்மாரும் ஒரு வாக்கியம் மட்டும் மனனம் செய்துகொள்க: ‘ஈ மகுவிகெ பெனிசிலின் ஆகுவுதில்ல’. இந்தக் குழந்தைக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்பது அதன் பொருள். ஒவ்வாமை என்று சிறுவயதில் கருதப்பட்டோரில் பெரும்பாலோர்க்கு உண்மையில் அஃது இல்லை என்பதையும் மருத்துவர் கண்டுள்ளனர். ஆகவே உறுதி செய்துகொள்ள வழி கேட்பதும் நன்று.

மருத்துவர் தம் கூற்றைச் செய்வார். மருந்து தன் கூற்றைச் செய்யும். நான்காவது கூறு நம் கையில் இருக்கிறது. அதற்குப் பெரும்படிப்பு வேண்டுவதில்லை. கேட்கத் துணிவும், அரைமணிப் பொறுமையும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். அடுத்த ஆண்டு விழாவுக்குள் நம் காலனியில் அந்நோட்டுப் புத்தகம் இல்லாத வீடு ஒன்றும் இல்லை எனச் சங்கச் செயலாளர் அறிவிக்கும் நிலை வருமாயின், அதுவே நம் விழாவின் உயர்ந்த நிகழ்ச்சியாகும்.

 நோயற்ற வாழ்வு நம் அனைவர்க்கும் வாய்க்க! வளர்க நம் சங்கம்!