விலகிய பிறகு எங்கே நிற்பது? சத்தியவாணி முத்துவின் தேர்தல்களை முன்வைத்து

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாடு அரசின் சமூகநலத் துறையில் ஒரு திட்டம் உண்டு. 'சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்' என்று பெயர். சென்னையில் கூவம் கரையோரம் ஒரு குடிசைப் பகுதியும் இருந்தது. சத்தியவாணி முத்து நகர். 2019 டிசம்பர் கடைசியில் அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கும் நம் வயதினரில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றின் வழியாகத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒன்று தையல் இயந்திரம், இன்னொன்று இடிக்கப்பட்ட குடிசை.

அவர் மூன்று முறை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அண்ணாவின் முதல் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண். பதவியில் இருக்கும்போதே, தலித் மக்கள் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்று சொல்லித் தன் கட்சியோடு மோதி வெளியே வந்தவர். என் ஆய்வு தனித்தொகுதிகளைப் பற்றியது என்பதால் அவருடைய தேர்தல் வரலாற்றுக்கு நான் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. இன்று உங்களிடம் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான். தனித்தொகுதி நமக்குச் சட்டமன்றத்தின் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போன பிறகு 'முடியாது' என்று சொல்லும் வலிமையை அது தரவில்லை. அந்த வலிமையை வேறு இடத்தில்தான் கட்ட வேண்டும்.

முதலில் தேர்தல்கள். சத்தியவாணி முத்து பிறந்தது 1923இல். 1949இல் திமுக தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே அதில் இருந்தவர். 'அன்னை' என்ற இதழை நடத்தியவர். 1953இல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்றவர். 1957இல் திமுக முதன்முதலாகப் பொதுத்தேர்தலைச் சந்தித்தபோது வென்ற 15 பேரில் இவரும் ஒருவர். தொகுதி பெரம்பூர். கட்சிக்கு அப்போது தேர்தல் ஆணைய அங்கீகாரம் இல்லை. அதனால் ஆவணங்களில் அவர் சுயேச்சை.

இங்கே ஒரு விவரத்தைக் கவனியுங்கள். 1957இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் 205 பேர். தொகுதிகளோ 167தான். 38 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அங்கே ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. ஓர் இடம் பட்டியல் சாதி அல்லது பழங்குடி வேட்பாளருக்கு ஒதுக்கப்பட்டது, மற்றது யார் வேண்டுமானாலும் வெல்லக்கூடியது. பெரம்பூர் அப்படிப்பட்ட தொகுதி.

இந்த முறை ஏன் நீடிக்கவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதே 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் பழங்குடி வேட்பாளர்கள் இருவர் அதிக வாக்குகள் பெற்று இரண்டு இடங்களையும் வென்றுவிட்டார்கள். தோற்றவர் வி.வி. கிரி. பின்னாளில் குடியரசுத் தலைவரான அதே கிரிதான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒதுக்கப்பட்ட இடத்துக்கு நிற்பவர் பொது இடத்தையும் வெல்லலாம் என்று 1959இல் தீர்ப்பு வந்தது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதி முறையே ஒழிக்கப்பட்டது. ஒழித்ததற்கு நிர்வாகக் காரணங்களும் சொன்னார்கள். ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

1962இல் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். சத்தியவாணி முத்துவும் பெரம்பூரில் தோற்றார். 1967இல் திமுக ஆட்சியைப் பிடித்த தேர்தலில் பெரம்பூரில் மீண்டும் வென்றார். 1971இல் இன்னொரு முறை. அவர் வென்ற கடைசிச் சட்டமன்றத் தேர்தல் அதுதான்.

1967 மார்ச்சில் பதவியேற்ற அண்ணா அமைச்சரவையில் ஒன்பது பேர். சத்தியவாணி முத்துவுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பில் முதன்மையானது 'அரிசன நலம்'. அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களை விட்டு 'ஆதிதிராவிடர்' என்று அழைக்க வேண்டும் என்று 1922இலேயே சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் எம்.சி. ராஜா. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த ஆட்சி, பெயரிலேயே திராவிடத்தை வைத்திருந்த ஆட்சி, ஒரு தலித் அமைச்சருக்குக் கொடுத்த துறையின் பெயர் காந்தி வைத்த பெயராகவே இருந்தது.

பெயரை விடுவோம். அந்தத் துறையின் கையில் என்ன இருந்தது? விடுதி, உதவித்தொகை, வீட்டுமனை, பள்ளி. இவை சிறியவை என்று சொல்லமாட்டேன். நம் குடும்பங்களில் முதல் தலைமுறையாகப் படித்தவர்கள் பலர் அந்த விடுதிகளின் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள். ஆனால் காவல்துறை அந்தத் துறையின் கையில் இல்லை. நிலம் இல்லை. கூலி இல்லை.

இது எங்கே வெளிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி கேட்டுச் சங்கமாகத் திரண்ட மக்கள்மீது நடந்த தாக்குதலில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. இந்த இரண்டு நாட்களிலும் அரிசன நலத்துறை அமைச்சர் சத்தியவாணி முத்துதான்.

'அப்போதே ஏன் அவர் விலகவில்லை?' என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதை மறைத்துவிட்டு அவருக்கு மாலை போடுவது ஆய்வு ஆகாது, அரசியலும் ஆகாது. ஆனால் கேள்வியை அவரோடு நிறுத்திவிட்டால் நமக்கு வசதியாகப் போய்விடும். காவல்துறையும் வருவாய்த்துறையும் வைத்திருந்தவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தலித் மக்கள் கொல்லப்பட்டால் தலித் அமைச்சர் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு சாதி ஏற்பாடுதான்.

1974இல் அவர் வெளியே வந்தார். எம்.ஜி.ஆர். பிரிந்துபோன பிறகு திமுகவில் தலித் மக்கள் பாரபட்சமாக நடத்தப்படுகிறார்கள் என்பது முதலமைச்சர் கருணாநிதி மீது அவர் வைத்த குற்றச்சாட்டு. அமைச்சர் பதவி போனது, கட்சியும் போனது. புதுக்கட்சி தொடங்கினார். பெயர் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம். பழைய கட்சியின் பெயரில் 'திராவிட' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'தாழ்த்தப்பட்டோர்' என்று வைத்தார். கால் நூற்றாண்டு உள்ளே இருந்தவரின் விமர்சனம் முழுவதும் அந்த ஒரு சொல் மாற்றத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கட்சி மூன்று ஆண்டுகள்தான் நின்றது. 1977இல் அதிமுகவோடு இணைந்தது. 1978இல் அவர் மாநிலங்களவைக்குச் சென்றார். 1979 ஆகஸ்டில் சரண்சிங் அமைச்சரவையில் சமூகநலத் துறை அமைச்சரானார். திராவிடக் கட்சிகளிலிருந்து ஒன்றிய அமைச்சரவைக்குப் போன முதல் இருவரில் ஒருவர் அவர், மற்றவர் பாலா பழனூர். ஆனால் அந்த அரசு நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கைக்கூடச் சந்திக்கவில்லை. அவர் பதவியேற்ற சில நாட்களுக்குள்ளாகவே அது காபந்து அரசாகிவிட்டது.

இதை 'கட்சி மாறினார்' என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம். அப்படி முடிப்பதற்கு முன் ஐம்பது ஆண்டுகள் பின்னால் போவோம்.

1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம். அது சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் இடையிலான மோதலாகி, புளியந்தோப்பு எரிந்தது. சத்தியவாணி முத்து பின்னாளில் வாக்குக் கேட்டு நடந்த அதே வடசென்னை மண். அந்த மோதலில் நீதிக்கட்சித் தலைவர்கள் எடுத்த நிலையில் கசந்துபோய் எம்.சி. ராஜா 1923இல் கட்சியைவிட்டு விலகினார். பார்ப்பனரல்லாதார் கட்சியில் ஆதிதிராவிடருக்கு இடம் என்ன என்பதுதான் அவர் கேள்வி. 1974இலும் அதே கேள்விதான்.

வேறுபாடு ஒன்று உண்டு. ராஜா தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், அரசால் நியமிக்கப்பட்டவர். நீதிக்கட்சியை விட்டாலும் அவர் குரல் அவையில் தொடர்ந்தது, பின்னர் மத்தியச் சட்டமன்றத்துக்கும் போனது. நியமனம் நல்லது என்று நான் சொல்லவில்லை. நியமித்தவன் காலனி அரசு, அவனுக்கு அவன் கணக்கு. ஆனால் தலித் பிரதிநிதியின் இருப்பை யார் தீர்மானிக்கிறார்களோ அவர்களை எதிர்த்து அவர் பேச முடியாது என்பதை இரண்டு வாழ்க்கைகளும் சேர்ந்து காட்டுகின்றன.

தனித்தொகுதியில் அதைத் தீர்மானிப்பது யார்? 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு மாகாணச் சட்டமன்றங்களில் 71 இடங்களைத் தனி வாக்காளர் தொகுதிகளாகத் தந்தது. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பின் செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் இடங்கள் 148 ஆயின. ஆனால் வாக்காளர் தொகுதி கூட்டாகியது. ஒரு பாதுகாப்பு மட்டும் மிச்சமிருந்தது. தலித் வாக்காளர்கள் மட்டும் முதலில் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நால்வரில் ஒருவரை எல்லாரும் தேர்ந்தெடுப்பார்கள். சுதந்திரத்துக்குப் பின் வந்த முறையில் அந்த முதல் கட்டமும் இல்லை.

கூட்டு வாக்காளர் தொகுதிக்காக 1932இல் மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டவர் இதே எம்.சி. ராஜா. 1938இல் அவர் சென்னைச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவு மசோதா கொண்டுவந்தபோது பிரதமர் ராஜாஜி எதிர்த்தார், மசோதா தோற்றது. காங்கிரஸ் சின்னத்தில் வென்று வந்திருந்த ஆதிதிராவிட உறுப்பினர்களால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அண்ணல் அம்பேத்கருக்கு நடந்ததையும் நினைவில் வையுங்கள். 1952இல் பம்பாய் வடக்கில் ஒதுக்கப்பட்ட இடத்தில் காங்கிரசின் கஜ்ரோல்கரிடம் தோற்றார். 1954இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அரசியல் சட்டத்தை வரைந்தவரே ஒதுக்கப்பட்ட இடத்தில் வெல்ல முடியவில்லை என்றால், பெரம்பூரில் ஒருவர் கட்சியை விட்டுவிட்டு என்ன செய்திருக்க முடியும்?

இன்று தமிழ்நாட்டில் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. அவற்றில் வேட்பாளர் மட்டும்தான் தலித். சீட்டுக் கொடுப்பவர், செலவு செய்பவர், வாக்காளரில் பெரும்பகுதியினர் தலித் அல்லர். ஊரில் ஒரு சாதிக்கொலை நடந்தால் அந்த உறுப்பினர் முதலில் யாருடைய முகத்தைப் பார்ப்பார் என்று நாம் வியக்க வேண்டியதில்லை. 'தனித்தொகுதி எம்.எல்.ஏ.க்கள் வாயே திறப்பதில்லை' என்று முகநூலில் எழுதுவது சுலபம். வாய் திறந்தவருக்கு அடுத்த தேர்தலில் நாம் என்ன கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. தொல். திருமாவளவன் 2001இல் மங்களூர் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். 2004இல் அந்தப் பதவியைத் துறந்தார். 1974இல் விலகியவருக்கு நேர்ந்தது இவருக்கு நேரவில்லை. 2009இல் சிதம்பரத்திலிருந்து மக்களவைக்குப் போனார். 2021இல் விசிக பானைச் சின்னத்தில் நான்கு சட்டமன்ற இடங்களை வென்றது. அவற்றில் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத்தொகுதிகள். அந்தக் கட்சியின் கூட்டணி முடிவுகள்மீது உங்களுக்கு விமர்சனம் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் பதவியைத் துறந்தபோது திரும்பிப் போக அவருக்கு ஓர் இடம் இருந்தது. தேர்தலுக்கு வருவதற்கு முன்பே சேரிகளில் கொடிக்கம்பம் நட்டு, வழக்குகளைச் சந்தித்து, ஆண்டுக்கணக்கில் கட்டிய அமைப்பு அது. சத்தியவாணி முத்து முதலில் சட்டமன்றம் போனார், பிறகு அமைச்சரானார், வெளியே வந்த பிறகுதான் தலித் மக்களுக்கென்று ஓர் அமைப்பைக் கட்டத் தொடங்கினார். அது வேர் பிடிக்கக் காலம் கிடைக்கவில்லை.

ஆகவே உங்களிடம் இரண்டு வேலைகளை விட்டுச் செல்கிறேன். ஒன்று, உங்கள் மாவட்டத்தின் தனித்தொகுதி உறுப்பினர் சட்டமன்றத்தில் என்ன பேசினார், என்ன கேள்வி கேட்டார் என்பதை அவைக் குறிப்புகளில் தேடிப் படியுங்கள். கேட்டிருந்தால் அதை ஊருக்குள் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அவரிடமே போய்க் கேளுங்கள். தட்டிக் கேட்கும் மக்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவரும் தன் தலைமையிடம் தட்டிக் கேட்க முடியும். இரண்டு, அமைச்சரவைப் பட்டியல் வெளியாகும்போது எத்தனை தலித் அமைச்சர்கள் என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். எந்தத் துறை என்று பாருங்கள். உள்துறை, வருவாய், நிதி, பொதுப்பணி என்று கேளுங்கள். நலத்துறையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு நீதிக்குப் பதில் சொல்லச் சொன்னது 1967இலேயே நாம் பார்த்த ஏற்பாடு.

சத்தியவாணி முத்து 1999இல் மறைந்தார். அவர் பெயரில் தையல் இயந்திரம் கொடுக்கட்டும், வாங்குகிற பெண்களுக்கு அது தேவைதான். ஆனால் அவர் பதவியை விட்டது தையல் இயந்திரத்துக்காக அல்ல என்பதை அடுத்த தலைமுறைக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.