ஒரு கதிரும் ஒரு வினாவும்



ஒரே மக்காச்சோளக் கதிரில் சில மணிகளில் மட்டும் வண்ணப் புள்ளிகள் தோன்றுவது ஏன்? அமெரிக்க நாட்டின் பார்பரா மக்ளின்டாக் அம்மையாரை ஆண்டுக்கணக்கில் ஆட்கொண்டிருந்த வினா இதுவே. நியூயார்க் மாநிலத்துக் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில், 1940களில், அவர் தாமே சோளம் பயிரிட்டுச் செடி செடியாக ஆராய்ந்தார். மரபுக் கூறுகளுள் சில, குரோமோசோமில் ஓரிடம் விட்டு வேறிடம் பெயர்கின்றன என்று கண்டார். அத்தகைய கூறு நிறத்திற்குரிய இடத்தில் அமர்ந்தால் நிறம் தடைப்படும். மணி வளர்கையில் அது சில உயிரணுக்களில் விலகினால், அங்கே நிறம் மீண்டு புள்ளியாகும்.

1951இல் அவர் இதனை அறிஞர் அவையில் விளக்கியபோது ஏற்றுக்கொண்டோர் சிலரே. மரபுக் கூறுகள் இடம் பெயராதவை என்பதே அந்நாளைய கருத்து. அம்மையாரோ மனந்தளராது ஆய்வைத் தொடர்ந்தார். பின்னர் பாக்டீரியங்களிலும் இடம் பெயரும் கூறுகள் காணப்பட்டன. 1983இல், தம் 81ஆம் வயதில், அவர் நோபல் பரிசு பெற்றார்.

நான் ஆசிரியனாயிருந்த நாளில், "பாடத்தில் இல்லாததைக் கேளாதே" என்று ஒரு மாணவனை அமர்த்தியதுண்டு. அவன் கேட்டது மறந்துவிட்டது. வாடிய அவன் முகம் மறக்கவில்லை. பிறர் அமர்த்தினாலும், நண்பர்களே, உங்கள் வினாவைக் கைவிடாதீர்கள்.