பழைய பொறியும் புதிய உறுப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், அமிர்தியில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் இயந்திரத்திற்கு என்ன வேலை என்னும் ஐயம் எழலாம். ஜவ்வாது மலைச் சரிவில் சாமை விளைவிக்கும் உழவரைக் கேட்டால், சிறு நிலத்திற்குச் சிறு பொறியே ஏற்றது என்பர். அத்தகைய சிறு தோட்டங்களுக்கெனவே இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் 1936 முதல் 1966 வரை எம்.ஜி. வகைத் தோட்ட டிராக்டர்களைச் செய்தது. அவற்றுள் சில இன்றும் பேணப்படுகின்றன. செய்தவர் செய்வதை நிறுத்திவிட்ட பொறியில் ஓர் உறுப்பு தேய்ந்தால் வழி யாது? கடைசல் பட்டறையே வழி. இல்லாத உறுப்பைப் புதிதாகச் செய்துதான் பொருத்த வேண்டும்.

அவ்வேலை எளிதன்று. தேய்ந்த பல்சக்கரத்தைக் கண்டவாறே படியெடுத்தால், அதன் தேய்மானமும் உடன் பிறந்துவிடும். ஆகவே கைதேர்ந்த கம்மியன் தேய்ந்த பல்லை நம்புவதில்லை. பற்களை எண்ணுகிறான், அதனோடு இணைந்து சுழலும் சக்கரத்தை ஆராய்கிறான், இரண்டின் அச்சுகளுக்கு இடையேயுள்ள தொலைவை அளக்கிறான், அவற்றைக்கொண்டு பழைய வடிவைக் கணக்கிட்டு மீட்கிறான். வார்க்க வேண்டிய உறுப்பாயின் மர மாதிரியைச் சற்றே பெரிதாகச் செய்கிறான். உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது நூற்றில் ஒரு பங்களவு சுருங்குமன்றோ? பல ஏடுகளை ஒப்பிட்டு, யாப்பையும் பழைய உரையையும் துணைக்கொண்டு, படியெடுத்தோர் பிழை களைந்த பதிப்பாசிரியர் பணியும் இத்தகையதே.

இதற்குத் தமிழகம் தந்த பெருஞ்சான்று பெரம்பூரில் உள்ளது. 'ஃபேரி குயின்' என்னும் நீராவி எஞ்சின் 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உருவாகிக் கல்கத்தா வந்தது. 1909இல் ஓய்வு பெற்றது. 1997இல் மீண்டும் உயிர்பெற்றுத் தில்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே ஓடியது. 2011இல் திருடர்கள் அதன் இன்றியமையாத உறுப்புகள் பலவற்றைக் கழற்றிச் சென்றனர். நூற்றைம்பது ஆண்டு மூத்த எஞ்சினுக்கு எந்தக் கடையில் உதிரி உறுப்பு கிடைக்கும்? பெரம்பூர் எஞ்சின் பணிமனையில் அவ்வுறுப்புகள் புதிதாகச் செய்யப்பட்டன. 2012 டிசம்பரில் எஞ்சின் பணிக்குத் திரும்பியது. அதனோடு ஒத்த வயதினதாகிய இ.ஐ.ஆர். 21 என்னும் எஞ்சினோ நூறாண்டுக்கும் மேலாகக் காட்சிப் பொருளாய் நின்றது. அதனையும் 2010இல் ஓடச் செய்தவர்கள் பெரம்பூர்த் தொழிலாளர்களே.

இங்கு ஒரு வினா எழுகிறது. எஞ்சினுக்கு இழந்த உறுப்பைச் செய்து தருவது போற்றத்தக்க தொண்டெனின், பாட்டுக்கு இழந்த அடியைச் செய்து தருவதும் தொண்டுதானே? புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாட்டுகள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் மறைந்தன. இம்மூன்று நூல்களையும் முறையே 1894, 1903, 1904ஆம் ஆண்டுகளில் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் நினைத்திருந்தால், அவ்விடங்களை நிரப்பும் புலமை அவர்க்கு இல்லையா? அவர் நிரப்பவில்லை. வெற்றிடத்தை வெற்றிடமாகவே நிறுத்தினார்.

கம்மியன் நிரப்பியதும் புலவர் நிரப்பாததும் முரண்போலத் தோன்றும், முரணன்று. எஞ்சினின் உறுப்புக்கு ஒரு தொழில் உண்டு. அத்தொழில் அளவாலும் வலிமையாலும் அமைவது. அளவு பொருந்தினால் உறுப்பு பொருந்தும். பாட்டின் அடி அவ்வாறானதன்று. ஒரே யாப்பில், ஒரே எதுகையில், ஆயிரம் அடிகள் அளவொத்து நிற்கும். அவற்றுள் அப்புலவர் பாடியது ஒன்றே. அளவு பொருந்தினாலும் அடி பொருந்தாது. உறுப்பிழந்த எஞ்சின் ஓடாது; அடியிழந்த பாட்டோ இழப்பையும் தன்னோடு சுமந்துகொண்டு வாழும்.

அவ்வாறாயின் பாவலர்க்குப் பழமையோடு உறவில்லையா எனின், உண்டு. அதற்கும் ஒரு பட்டறையே வழி காட்டுகிறது. நீலகிரி மலைப்பாதையின் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. முதலில் வந்தவை 1914ஆம் ஆண்டின. அவை முதுமையுற்றபோது, திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனை அதே வகையில் புதிய எஞ்சின்களையே கட்டி 2011 முதல் மலையேற்றியது. அவற்றை எவரும் போலி என்பதில்லை. பொன்மலையில் பிறந்தவை என்று அவை வெளிப்படையாகவே அறியப்படுகின்றன. இன்று வெண்பா யாக்கும் பாவலர் நிலையும் அதுவே. பழைய கட்டமைப்பில் தம் பெயரால், தம் காலத்தால், முழுப்பொருளைப் படைக்கலாம். பிறர் பாட்டின் நடுவே தம் அடியைப் பெயரின்றி நுழைத்தல் மட்டுமே ஆகாது.

இவ்வெச்சரிக்கைக்கு இம்மலையிலேயே தேவை இருக்கிறது. மலைவாழ் மக்களின் பாடல்களைத் திரட்டும் ஆர்வம் வளர்ந்து வருகிறது. பாடும் மூதாட்டி ஓரடியை மறந்து நிறுத்தினால், கேட்டெழுதும் பாவலரின் கை தானாகவே அடுத்த அடியை எழுத முனையும். சந்தம் இழையும், பொருளும் இசையும், அச்சேறிய பின் எது மூதாட்டியின் அடி, எது பாவலரின் அடி என்று கண்டறிவார் எவரும் இரார். ஓரடியால் பாடல் முழுவதும் ஐயத்துக்கு உரியதாகிவிடும். சிதைந்த கல்வெட்டைப் படிப்போர் அழிந்த எழுத்துக்குப் புள்ளியிடுவர். ஊகித்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் வைப்பர். அந்த எளிய நாணயத்தைப் பாடல் திரட்டுவோரும் மேற்கொள்ள வேண்டும். மறந்த அடிக்குப் புள்ளியிடுக. பாடியவர், பாடிய ஊர், கேட்ட நாள் ஆகியவற்றைக் குறித்திடுக. வேறொரு மூதாட்டி வேறோர் ஊரில் அவ்வடியை ஒருநாள் பாடக்கூடும். அன்று அது வந்தமர இடம் வேண்டுமன்றோ?

பத்தாண்டு கண்ட இவ்வட்டம், செய்ததைச் செய்ததென்றும் கண்டதைக் கண்டதென்றும் பதிவு செய்யும் நெறியில் நூறாண்டு காண்க.